அடிக்கு ஒரு நூல்

அந்த வெளிநாட்டு மாணவர்கள் வந்த வாரம் நான் ஒரு தண்ணீர்ப் பம்பின் மேல்கூட்டை மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்வது ஒரு பேட்டர்ன் கடை. இரும்பில் வரவேண்டிய பொருளை நாங்கள் முதலில் மரத்தில் செய்து கொடுப்போம். வார்ப்புப் பட்டறையில் அந்த மரத்தை மண்ணில் அழுத்தி எடுப்பார்கள். மரம் இருந்த இடம் வெறும் பள்ளமாக நிற்கும். அதில் உருகிய இரும்பை ஊற்றினால் பம்பு. மரம் எங்களிடம் திரும்பி வந்து பரண்மேல் ஏறிவிடும். இரும்பு எங்கெங்கோ போய்விடும். நான் செய்ததில் எது எந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறது என்று எனக்குத் தெரியாது. உளி ஓட ஓட அப்படிச் சில கிணறுகளை நினைத்துக்கொள்வேன். நான் நினைக்கும் கிணறுகளில் எப்போதும் மத்தியானமாகவே இருக்கும். பக்கத்தில் ஆள் யாரும் இருக்க மாட்டார்கள்.

வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் கல்லூரிகளில் ஒன்றில் டிசைன் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏதோ ஒரு குளிர்தேசத்திலிருந்து பன்னிரண்டு மாணவர்கள் ஓர் ஆசிரியையோடு மூன்று வாரப் படிப்புச் சுற்றுலாவாக அங்கே வந்து தங்கியிருந்தார்கள். முதலில் கோயில், கடற்கரை என்று சுற்றிவிட்டு, பிறகு ஆளுக்கொரு சின்னப் பட்டறையாகப் பிரிந்தார்கள். பட்டறையில் நாலைந்து நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு உதவுகிற ஒரு பொருளை யோசித்துச் செய்து, கடைசி நாள் அதே இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இதுதான் அவர்களுக்குப் பரீட்சை. எங்கள் முதலாளி சரி என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பெங்களூருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

எங்கள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். நெட்டை. காது நுனி வெயிலில் சிவந்திருந்தது. அவள் பேசுவதைத் தமிழில் சொல்ல அதே கல்லூரியில் படிக்கிற இன்னொரு பெண்ணும் கூட வந்தாள். இவள் மதுரைக்காரி. அப்பாவுக்கு ஐ.டி. வேலை, திருமுல்லைவாயிலில் அடுக்குமாடியில் குடியிருந்தார்கள்.

எங்கள் கூரையில் வெளிச்சத்துக்காக இரண்டு இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கும். காலை பத்தரைக்கு மேல் அதன் வழியாக இறங்கும் வெயில் மரத்தூளில் பட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு தூண் மாதிரி நிற்கும். அந்தப் பெண் நேராக வந்து அதற்குள் நின்றுவிட்டாள். கையை நீட்டித் தூள் பறப்பதைப் பார்த்தாள். அவளை அப்படியே கடைக்குள் யாரோ ஊற்றிவிட்டுப் போனது போல இருந்தது.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் என் கூட்டாளி என்னை இடித்தான்.

"மாமே, கொஞ்சம் பல்லு தெரிய நில்லு. போட்டோ எடுக்கறாங்கோ. நாளைக்கு உன் மூஞ்சி பாரின்ல ஓடும்."

"உன்னுதே ஓடட்டும்."

"என்னுத எங்க எடுத்தாங்கோ. உன் உளியத்தான் பாத்துகினு கீது அந்தப் பொண்ணு."

எனக்குக் கூச்சம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் கூட வீட்டில் சொன்ன காரணம் வேறு, எனக்குள் இருந்த காரணம் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்ற பயம். ஷேர் ஆட்டோவில் 'நிறுத்து' என்று சொல்ல வாய் வராமல், வேறு யாராவது இறங்குகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அதனால் அந்தப் பெண் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேசாமல் வரைய ஆரம்பித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பென்சில் தாளில் உரசுகிற சத்தம், என் உளியின் சத்தம், அடுத்த தெருவில் பிரஸ் மெஷின் விழுகிற சத்தம். இவ்வளவுதான். அப்படியே பொழுது போகும். மத்தியானம் மணி பார்த்தால் நம்ப முடியாது.

இரண்டாம் நாள் காலையில் அவள் பையைத் துழாவினாள். அளக்கிற டேப்பை வேனிலேயே விட்டுவிட்டாள் போல. மதுரைப் பெண் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, சுருக்கி, மறுபடி விரித்துக் காட்டினாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கையில் என்ன இருந்ததோ அதை நீட்டினேன். இரண்டு அடி எஃகு ஸ்கேல். சாயங்காலம் அவள் திருப்பித் தர வந்தபோது, வைத்துக்கொள் என்று தலையை ஆட்டினேன். என்னிடம் இன்னொன்று இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதைப் பார்த்தாலும் அந்த ஸ்கேலை வைத்து அளந்தாள். என் மேசை, முக்காலி, டீக்கடை பாய்லர், பரணுக்கு ஏறுகிற ஏணி. ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து போன பிறகு, அது மண்ணில் விட்டுப்போன குழியைக் கூட அளந்தாள்.

டீக்கடை எங்கள் பின்தெருவில் இருக்கிறது. அதன் எதிரே ஒரு மூடிப்போன கம்பெனியின் ரெடிமேட் காம்பவுண்ட். ஏழடிக்கு ஒரு சிமெண்ட் தூண் நட்டு, தூணின் பக்கத்தில் நீளப் பள்ளமாக ஓடும் காடியில் மேலிருந்து பலகை பலகையாகச் சிமெண்ட் ஸ்லாப்பை இறக்கிக் கட்டுகிற சுவர் அது. டீக்கடைக்கு நேர் எதிரில், இரண்டு தூண்களுக்கு நடுவே மேல் ஸ்லாப்புகள் உடைந்துபோய் இடுப்பு உயரத்துக்குத்தான் சுவர் மிச்சம். எஸ்டேட் ஆட்கள் டீயை வாங்கிக்கொண்டு வந்து அங்கேதான் நிற்பார்கள். உடைந்த முனை முதுகில் குத்தும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நெளிந்துகொள்வார்கள்.

மூன்று நாள் அதைப் பார்த்துவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். மதுரைப் பெண் எங்களிடம் சொன்னாள்.

"அண்ணே, டீக்கடையில பெஞ்சு கிடக்கே, ஒருத்தர் கூட உக்கார மாட்டேங்குறாங்களே, ஏன்னு கேக்குறாங்க."

என் கூட்டாளிக்குப் பேச இடம் கிடைத்தால் போதும்.

"உக்காந்தா முதலாளி கண்ணுக்கு வேல இல்லாதவன் மாதிரி தெரியும்மா. சாஞ்சிகினு நின்னா, இப்பத்தான் வந்தான், இதோ போப்போறான்னு நெனச்சிக்குவாரு. அரமணி நேரம் சாஞ்சிகினே இருக்கலாம், ஒண்ணியும் சொல்ல மாட்டாரு."

அந்தப் பெண் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு அதை எழுதிக்கொண்டாள். அவள் உட்காரும் சாமான் எதுவும் செய்யப்போவதில்லை, சாய்ந்துகொள்ள ஒரு பலகை செய்யப்போகிறாள் என்று மறுநாள் தெரிந்தது. உடைந்த ஸ்லாப்புக்கு மேல், அதே தூண்களின் காடியில் மேலிருந்து இறக்கி நிற்க வைக்கிற கனமான மரப்பலகை. மேல் விளிம்பு முதுகுக்கு இதமாக உருண்டிருக்கும். ஆணி கிடையாது, தூணில் ஓட்டை போடக் கூடாது. காடியில் பழைய சிமெண்ட் அடைத்துக்கொண்டு அரை அங்குல ஆழம்தான் மிச்சம் இருந்தது. பலகை இரண்டு பக்கமும் அந்த அரை அங்குலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

டீ குடிக்கும்போது மதுரைப் பெண் குரலைத் தாழ்த்தி எங்களிடம் சொன்னாள்.

"போன வருசம் இவங்க ஒரு நாற்காலி பண்ணி, ஆள் உக்காந்ததும் உடஞ்சிருச்சாம்ணே. அளவ அவசரத்துல எடுத்ததுதான் காரணம்னு அவங்க மிஸ் பெயிலாக்கிட்டாங்களாம். இந்தப் பலகையும் சரியா வரலேன்னா அந்த வருசத்த முழுசா மறுபடி படிக்கணுமாம். அதான் எல்லாத்தையும் ரெண்டு தடவ அளக்குறாங்க."

சனிக்கிழமை அவள் காடிக்குக் காடி இடைவெளியை அளந்தாள். தனியாக முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள். நான் ஸ்கேலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டடி முடிந்த இடத்தில் என் கட்டைவிரல் நகத்தை வைக்கச் சொன்னாள். நகத்தை அடையாளமாக வைத்து ஸ்கேலை நகர்த்தினாள். மறுபடி நகம், மறுபடி நகர்த்தல். எதிர்ப்பக்கத் தூண் வரை போய்விட்டு, அங்கிருந்து இந்தப் பக்கம் ஒருமுறை அளந்துகொண்டு வந்தாள். இரண்டு முறையும் ஒரே எண். திருப்தியோடு எழுதிக்கொண்டாள். எனக்கும் ஏதோ நல்ல காரியத்தில் கை கொடுத்த சந்தோஷம். வீடு இருக்கும் அண்ணனூர் வரைக்கும் அந்தச் சந்தோஷத்தோடு நடந்தேன். மின்ரயில்களை நிறுத்தும் கார் ஷெட்டுக்குப் போகிற காலி ரயில் ஒன்று, எல்லா ஜன்னல்களிலும் சாயங்காலத்தை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் என்னோடு கூட வந்தது.

வீட்டில் என் மனைவி பாத்திர அலமாரிக்கு ஒரு தட்டு வேண்டும் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பையைத் திறந்து ஸ்கேலை எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"இத்த எடுக்காத. போன வாட்டி சாமி ரூமு கதவ இத்தாலதான் அளந்த. இன்னும் அந்தச் சந்துல எலி பூந்து வருது."

"அது எப்பவோ."

"எப்பவோ இன்னா எப்பவோ. உன் கம்பெனி ஸ்கேலு ஊட்டுக்கு ஆவாதுன்னு நீதான் சொன்ன. டேப்பு எடு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல் சுருங்கும். எங்கள் கணக்கில் எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். அதனால் நாங்கள் மரத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் மனக்கணக்குப் போட முடியாது என்பதற்காக எங்களுக்கென்று தனி ஸ்கேல் இருக்கிறது. பார்த்தால் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ஓர் அடி என்பது உண்மையான அடியைவிட ஒரு நூல் நீளம். முப்பது வருடமாக என் கை அதைத்தான் எடுக்கிறது. சாதாரண டேப் ஒன்று எனக்குப் பின்னாலேயே ஆணியில் தொங்குகிறது. வெளி வேலைக்குத்தான் அது. அந்தப் பெண் கேட்டபோது ஸ்கேல் என்றால் எனக்கு இதுதான்.

ஏழடி இடைவெளியை இந்த ஸ்கேலால் அளந்தால் ஏழு நூல் குறைவாகக் காட்டும். கல்லூரியில் சாதாரண டேப்பை வைத்துப் பலகையை அறுப்பார்கள். பலகை கிட்டத்தட்ட ஓர் அங்குலம் குட்டையாக வரும். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பிடிக்க வேண்டிய இடத்தில் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். சாய்கிறவன் பலகையோடு அந்தப் பக்கம் விழுவான்.

"இன்னா, மூஞ்சி இப்பிடிப் போச்சு?" என்றாள் மனைவி. சொன்னேன்.

"அந்தப் பொண்ணாண்ட போயி சொல்லிடு. இதுல இன்னா கீது."

அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. அவள் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் வேப்பம்பட்டு வருவதற்குள் குடும்பக் கதை முழுவதையும் வாங்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்கு இரண்டு முறை போன் செய்தேன். முகூர்த்த நேரம், எடுக்கவில்லை. மதுரைப் பெண்ணின் நம்பர் அவரிடம்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அயப்பாக்கம் வழியாகத் திருவேற்காடு, அங்கிருந்து வேலப்பன்சாவடி. ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'அம்மா, ஸ்கேல் தப்பு.' அது அவளைத் திட்டுவது மாதிரி இருந்தது. 'அம்மா, நான்தான் தப்பு.' அது வேறு மாதிரி இருந்தது. வெயிலும் தூக்கமும் சேர்ந்து, பேசிக்கொண்டிருப்பது நானா, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரா என்றே தெரியாமல் போயிற்று.

கல்லூரி வாசலில் காவலுக்கு இருந்தவர் பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

"இன்னா வோணும்?"

"வெளிநாட்டுப் பசங்க…"

"மாபலிபுரம் போயிகிறாங்க. நைட்டுதான் வருவாங்க. இன்னா விசயம்?"

"ஒரு ஸ்கேலு."

"ஸ்கேலு வித்துகினு வந்தியா? உள்ள விடக் கூடாது நைனா, ஆர்டரு."

"இல்ல, அந்த ஸ்கேலு… நீளம் ஜாஸ்தி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. கடைசியில் பதிவேட்டைத் திறந்து, "சரி, எழுதிக்கிறேன் போ" என்று என்னவோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'ஸ்கேல் விஷயமாக ஒருவர்' என்று இருந்தது. அது அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டு திரும்பினேன். நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. அப்படி நம்பினால் இன்னொரு முறை போய்ப் பேச வேண்டியதில்லை.

திங்கட்கிழமை பம்புக் கூட்டை முடித்து வார்ப்புப் பட்டறைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. தலை நிமிர நேரமில்லை. அன்று அவள் வரவும் இல்லை. கல்லூரிப் பட்டறையில் பலகை அறுக்கும் நாள். கூட்டாளியிடம் சொன்னால் எஸ்டேட் முழுக்க ஒரு வாரம் அதை வைத்துச் சிரிப்பான் என்று அவனிடமும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு ஒரு பழைய தேக்குத் துண்டை எடுத்து, மூன்றரை நூல் கனத்தில் இரண்டு பட்டைகள் இழைத்தேன். பலகையின் இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று ஒட்டினால் ஏழு நூல் சரியாகிவிடும். ஆணியில் தொங்கிய டேப்பால் மூன்று தடவை அளந்தேன். அவற்றைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி டீக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மாணவர்கள், வெள்ளைத் தலையோடு ஒல்லியாக அவர்களுடைய ஆசிரியை, எஸ்டேட் ஆட்கள் இருபது பேராவது. பலகை அழகாக இருந்தது. வெளிர் நிறம். மேல் விளிம்பைக் கைவைத்துத் தடவினால் விட மனம் வராது. இரண்டு மாணவர்கள் தூக்கிப் பிடித்து, மேலிருந்து காடியில் இறக்கினார்கள். நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு கணம் நானும் நினைத்தேன், வாசல் காவலாளி எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது, பலகையைச் சரியான அளவுக்கு அறுத்துவிட்டார்கள் என்று.

ஆசிரியை உள்ளங்கையால் பலகையின் ஓர் ஓரத்தைத் தள்ளினார். அது காடியிலிருந்து சத்தமில்லாமல் நழுவி வெளியே வந்தது.

டீக்கடையில் பால் பொங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் நோட்டைத் திறந்தாள். பையிலிருந்து தன் டேப்பை எடுத்து இடைவெளியை அளந்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். காதிலிருந்து கழுத்து வரை சிவந்துபோயிற்று. ஆசிரியை மெதுவாக ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே கையில் இருந்த தாளில் எழுதினார்.

"மறுபடியும் அளவுல அவசரப்பட்டுட்டன்னு சொல்றாங்கண்ணே," என்றாள் மதுரைப் பெண் என் பக்கத்தில். "பாவம்."

பட்டைகள் என் பையில் இருந்தன. பேசாமல் அவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையில் ஒட்டிக் கொடுத்திருக்கலாம். எல்லோரும் என்னைப் பாராட்டியிருப்பார்கள். ஸ்கேலைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண் மட்டும், நான் ஏன் இப்படி அளந்தேன் என்று ஊர் போய்ச் சேரும் வரை யோசித்துக்கொண்டிருந்திருப்பாள். என் நகத்தை வைத்து அளந்த அளவு அது.

"தங்கச்சி," என்றேன். என் குரல் பக்கத்துக் கடையிலிருந்து வருவது போல எனக்கே கேட்டது. "அந்தப் பொண்ணு சரியாத்தான் அளந்துச்சி. ஸ்கேலு என்னுது. நான்தான் சொல்லாம குடுத்துட்டேன்."

"ஸ்கேல்ல என்னண்ணே இருக்கு?"

"அது இரும்புக்கான ஸ்கேலு."

"புரியலண்ணே. கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க, அவங்க மிஸ் கேக்குறாங்க."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. தண்ணீருக்கு அடியில் நிற்பது போல இருந்தது. நான் பலகையைத் தரையில் படுக்க வைத்தேன். அவள் டேப்பை இழுத்து வைத்தேன். அதன் பக்கத்தில் என் ஸ்கேலை வைத்தேன். ஆரம்பம் ஒன்றாக இருந்தது. ஓரடிக்கு வரும்போது ஒரு நூல் விலகியது. இரண்டடிக்கு இரண்டு நூல். பிறகு எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. இரும்பு ஆறும்போது சுருங்குவதைச் சொன்னேன். எங்களுக்கு மட்டும் அடி கொஞ்சம் நீளம் என்றேன். மதுரைப் பெண் ஒவ்வொரு வாக்கியமாக வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை தரையில் மண்டியிட்டு, கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே," என்றார் டீக்கடைக்காரர். "இத்தினி வருசமா உன்னாண்ட 'சக்கர கம்மி'ங்கறதத் தவிர ஒரு வார்த்த வாங்க முடியல. இன்னிக்கு கிளாஸே எடுக்கற."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கொஞ்சமாக, வேகமாக ஏதோ கேட்டாள். மதுரைப் பெண் சொல்லத் தயங்கினாள்.

"ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேக்குறாங்க."

"ஞாயித்துக்கிழம வந்தேன். காலேஜி வரைக்கும். நீங்க மாபலிபுரம் போயிருந்தீங்க."

"எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லியேண்ணே."

"எழுதி வெக்கச் சொன்னேன். நேத்து மறுபடி வந்திருக்கணும். வர்ல."

"ஏன்?"

"வெட்கம்," என்றேன்.

மதுரைப் பெண் அதற்கு வார்த்தை தேடினாள். இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குக் கோபம் உடனே போய்விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் சாப்பாட்டுப் பையைப் பார்த்தாள். அப்போதுதான் பட்டைகளை வெளியே எடுத்தேன். அவள் வாங்கிக் கனத்தை அளந்தாள். தன் டேப்பில்தான். சரியாக மூன்றரை நூல். பிறகு அவளே இன்னொரு மாணவனோடு சேர்ந்து பலகையைத் தூக்கி எங்கள் கடைக்குள் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

பிசின் தடவி, ஸ்க்ரூ போட்டு, முனையை உருட்டி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. ஒரு பக்கத்தை நான் செய்தேன், மறுபக்கத்தை அவள். மறுபடி காடியில் இறக்கியபோது கொட்டாப்புளியால் தட்டித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. இறங்கும் வரை வெளிர்ப் பலகையின் இரு நுனியிலும் தேக்கு கறுப்பாக ஒரு விரல்கூட இல்லாத அகலத்துக்குத் தெரிந்தது. உட்கார்ந்ததும் காடிக்குள் மறைந்துவிட்டது. ஆசிரியை தள்ளிப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று சாய்ந்தார். என் கூட்டாளி போய் அவருக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, "மிஸ், டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டான். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, நகர்ந்து இன்னும் இரண்டு பேருக்கு இடம் விட்டார்.

சாய்ந்தபடியே தன் தாளை எடுத்து, முன்பு எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டார். கீழே வேறு ஏதோ எழுதினார்.

"பாஸ்ணே," என்றாள் மதுரைப் பெண், மூச்சை விட்டுக்கொண்டு.

கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பெண் தன் தாள்களையெல்லாம் என் மேசைமேல் பரப்பினாள். பதினைந்து இருக்கும். மேசை, முக்காலி, ஏணி, பாய்லர், நாய் படுத்திருந்த குழி. எல்லாவற்றிலும் அம்புக்குறியும் எண்ணும். எல்லாம் என் ஸ்கேலால் எடுத்த அளவு. கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நிமிடத்தில் எல்லா எண்ணையும் திருத்திவிடலாம் என்று ஆசிரியை சொன்னாராம். அவள் என்னிடம் கேட்கச் சொன்னாள்.

"இதெல்லாம் தப்பான்னு கேக்குறாங்கண்ணே."

நான் குனிந்து மேசைப் படத்தைப் பார்த்தேன். அந்த எண்களை வைத்து யாராவது என் மேசையைச் செய்தால் அது அடிக்கு ஒரு நூல் சின்னதாக வரும்.

"தப்பு இல்ல," என்றேன். "ஆறிப்போன அளவு. அவ்வளவுதான்."

மதுரைப் பெண் சொன்னதைக் கேட்டு அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பென்சிலை எடுத்தாள். எண்களைத் தொடவில்லை. முதல் தாளின் அடியில் ஒரு வரி எழுதினாள். இந்த அளவுகள் ஒரு பேட்டர்ன்காரருடையவை என்று அதற்கு அர்த்தமாம். பிறகு என் ஸ்கேலைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள்.

அவர்கள் ஊரில் இப்போது பனி பெய்துகொண்டிருக்கலாம். அங்கே ஏதோ ஓர் அறையில் என் மேசை இருக்கிறது, என் முக்காலி, டீக்கடை பாய்லர், எல்லாம் கொஞ்சம் சுருங்கி, குளிர்ந்து. அந்த மேசைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவன் ஐந்தரை அடி உயரமான என்னைவிட ஐந்தரை நூல் குள்ளமாக இருப்பான். அவனிடம் யாராவது வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் என்ன செய்வான் என்று சில நாள் வேலைக்கு நடுவே யோசிப்பேன். முதலில் கையில் இருப்பதைத்தான் நீட்டுவான். பிறகு அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவான் என்று நினைக்கிறேன்.